மலையில் உடைந்த பம்பர்: ஒட்டுவதா, மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டி பாதையில் 36. நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பம்பர் அடிபடுவது புதிய சங்கதி இல்லை. வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கினால் தடுப்புச் சுவர் உரசும். வீட்டுச் சரிவில் இறக்கும்போது முன் உதடு தரையில் இடிக்கும். கோத்தகிரி பக்கம் ராத்திரியில் காட்டெருமை குறுக்கே வந்து நின்றால் அது வேறு கதை. எப்படி அடிபட்டாலும் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: ஒட்டிவிடலாமா, புதுசு போட வேண்டுமா?

பெரும்பாலானவர்கள் முகப்பில் உள்ள விரிசலின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஒரு அடி நீள விரிசலைக்கூட சரியாக உருக்கி ஒட்டினால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் பம்பரை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் காதுகள் நாலு போயிருந்தால், முகப்பில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் அந்தப் பம்பர் ஓட ஓட ஆடும். அதனால் முகப்பைவிட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

அடிபட்ட இடத்திலேயே செய்ய வேண்டியது

வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். மோதியது விலங்கு என்றால் காரை விட்டு இறங்காதீர்கள். காட்டெருமை விழுந்தாலும் எழுந்து பாயும். கொஞ்சம் தள்ளிப் போய் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மோதியது சுவரோ இன்னொரு வண்டியோ என்றால், இறங்கி முதலில் கீழே குனிந்து பாருங்கள். முன்பக்கம் பலமாக அடிபட்டால் பம்பருக்குப் பின்னால் ஏசி கண்டன்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். பச்சையோ சிவப்போ நிறத்தில் கூலன்ட் சொட்டினால் அந்த வண்டியை மேடு ஏற்றக் கூடாது, டோ செய்வதுதான் வழி. ஏசி ஓடியிருந்தால் சொட்டும் வெறும் தண்ணீர் பிரச்சினை இல்லை.

அடுத்து, தொங்கும் பிளாஸ்டிக். அடித்தட்டோ மட்கார்டு உள் லைனரோ டயரைத் தொட்டால் வளைவில் ஸ்டியரிங் முழுசாக ஒடிக்கும்போது சிக்கும். இரண்டு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். டேஷ்போர்டில் பத்து கேபிள் டை எப்போதும் கிடக்கட்டும். மழையில் ஒட்டும் டேப் எதுவும் பிடிக்காது.

கைக்கு எட்டும் தூரத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸுக்கும் உதவும், பின்னால் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பார்க்கவும் உதவும். உடைந்த துண்டுகள் சாலையில் கிடந்தால் பொறுக்கி டிக்கியில் போடுங்கள். கை அகலத் துண்டுகூட வேலைக்கு ஆகும். இல்லாத இடத்தை நிரப்புவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது.

இன்சூரன்ஸ் கணக்கு

ஸ்பேனரைத் தொடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்ப்பதற்குள் கழற்றிவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். சாதாரண முழுப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பாகத்தின் பாதி விலை உங்கள் கையிலிருந்து போகும். அதன்மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) எடுத்திருந்தால் அந்தப் பாதி விலைக் கழிவு இல்லை.

இதோடு கிளெய்ம் இல்லாத வருஷத்துக்கான போனஸையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது வருஷம் 50 வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரு கிளெய்மில் போய்விடும். 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு விரிசலுக்காகக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டம். லைட்டும் கண்டன்சரும் சேர்ந்து போயிருந்தால் தயங்காமல் போடலாம்.

கழற்றுவது

சமதளம் வேண்டும். மலையில் அது லேசாகக் கிடைக்காது. சரிவில்தான் நிறுத்த முடியும் என்றால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டு பின் சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள். பம்பரைக் கழற்ற ஜாக்கி தேவைப்படாது. ஜாக்கியில் மட்டும் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை விடாதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் காலை நேரம் உறைபனி கொட்டும். அந்தக் குளிரில் கிளிப்பை நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும், கால் ஓட்டைக்குள்ளேயே நிற்கும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தொடங்குங்கள். அவசரம் என்றால் சுடுதண்ணீர் ஊற்றி இளக்கிக்கொள்ளலாம். எப்படியும் நாலைந்து கிளிப் உடையும், உங்கள் மாடலுக்கான கிளிப்பை முன்கூட்டியே ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி வையுங்கள்.

மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும் வரிசை இதுதான். சாவியை எடுத்துவிடுங்கள். பானட்டைத் திறந்தால் கிரில்லுக்கு மேலே ஒரு வரிசை கிளிப்பும் போல்ட்டும் தெரியும். கிளிப்பின் நடு முள்ளை முதலில் தூக்கிவிட்டுத்தான் மொத்தத்தையும் இழுக்க வேண்டும். அப்புறம் ஸ்டியரிங் பூட்டு விடச் சாவியைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, சாவியை மறுபடி எடுத்துவிட்டால் மட்கார்டு உள் லைனரில் உள்ள ஸ்க்ரூ தெரியும். லைனரை ஒதுக்கினால் பம்பரின் பக்கவாட்டு மூலையை மட்கார்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்று ஒளிந்திருக்கும். வராத பம்பரை இழுத்துக் கிழிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூவைத்தான் விட்டிருப்பார்கள். கடைசியில் அடித்தட்டு போல்ட்டுகள், பெரும்பாலும் 10 ஸ்பேனர்.

எல்லாம் கழன்றதும் வண்டியின் பக்கவாட்டில் நின்று மூலையைப் பிடித்து வெளிப்பக்கமாக, உங்களை நோக்கி இழுங்கள். டப் டப் என்று கொக்கிகள் விடும். முன்னோக்கி இழுக்கக் கூடாது. இரண்டு மூலையும் விட்டபின் இன்னொருவரை ஒரு பக்கம் தாங்கச் சொல்லி, பின்னால் கையை விட்டு ஃபாக் லேம்ப், பார்க்கிங் சென்சார் கனெக்டர்களைப் பிரியுங்கள். மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள்.

இப்போது பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நுரை அல்லது பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று, அதற்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்பு பீம். அடியை உண்மையில் வாங்குவது இவைதான். பம்பர் என்று நாம் சொல்வது வெளித்தோல். பீம் வளைந்திருந்தாலோ, அதைத் தாங்கும் இரண்டு பெட்டிகள் மடிந்திருந்தாலோ, தோலை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் இடைவெளி சேராது. அடுத்த மோதலில் காப்பாற்றவும் பீம் இருக்காது. பீமைத் தட்டி நிமிர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றிவிடுங்கள்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

விரிசல், கிழிசல், ஓட்டை, ஒடுக்கு, ஒன்றிரண்டு காது உடைந்தது: இவை எல்லாம் ஒட்டலாம். ஹெட்லைட் ஓரமும் பக்கவாட்டு மூலையும் சேர்ந்து சிதைந்தால் மாற்றுவதே நல்லது. பெயின்ட் இல்லாத, சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக்கில் உடைப்பு என்றால் ஒட்டலாம், ஆனால் தழும்பு மறையாது. சென்சார் உட்காரும் வளையம் உடைந்திருந்தால் யோசியுங்கள், கோணம் மாறினால் சென்சார் பொய் சொல்லும். தானாக பிரேக் பிடிக்கும் வசதி உள்ள காரில் ரேடார் பம்பருக்குப் பின்னால் இருந்தால், அதன் எதிரே பட்டியோ (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) ஸ்டேப்பிள் கம்பியோ வரவே கூடாது.

பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிப்பது

பம்பரின் உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் வார்த்திருப்பார்கள். பெரும்பாலான காரில் பிபி + இபிடிஎம், கூடவே டி10 அல்லது டி20 என்று இருக்கும். பாலிபுரோப்பிலீனில் இபிடிஎம் ரப்பர் கலந்தது என்று அர்த்தம். டி என்பது டால்க் தூள், எண் அதன் சதவீதம். வெறும் பாலிபுரோப்பிலீன் குளிரில் பொடபொடவென்று உடையும் என்பதால்தான் ரப்பர் கலக்கிறார்கள். கிரில், ஸ்கூட்டர் பாடி போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வேறு இனப் பிளாஸ்டிக்.

எழுத்து தேய்ந்திருந்தால், மறைவான ஓரத்தில் ஒரு சில்லு சீவி அசிட்டோனில் நனைத்த துணியால் தேயுங்கள். மேல்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் ஏபிஎஸ். ஒன்றும் ஆகாவிட்டால் பாலிபுரோப்பிலீன் வகை.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பாலிபுரோப்பிலீனில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. ஃபெவிக்விக், எபாக்ஸி எல்லாம் முதலில் கல் மாதிரி நிற்கும். கல்லட்டி குலுக்கலில் ஒரு நாள் தகடு தகடாகக் கழன்று வரும். அதை உருக்கித்தான் சேர்க்க வேண்டும், அதுவும் அதே இனப் பிளாஸ்டிக்கோடு. ஏபிஎஸ்ஸை மட்டும் அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் கூழால் ஒட்டலாம்.

உருக்கி ஒட்டுவது

தேவையானவை: அகல முனை உள்ள பிளாஸ்டிக் வெல்டிங் அயர்ன், சூடான ஸ்டேப்ளர் (கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் பதிக்கும் கருவி), துருப்பிடிக்காத எஃகு வலை, ராடு (உருக்கி நிரப்பும் அதே இனப் பிளாஸ்டிக் குச்சி), 3 மி.மீ. டிரில் பிட், ஹீட் கன், அலுமினிய டேப், 80, 180, 320, 600, 800 நம்பர் உப்புத்தாள். ராடு கிடைக்காவிட்டால் அதே எழுத்து உள்ள பழைய பம்பரிலிருந்து விரல் அகலத்தில் பட்டை அறுத்துக்கொள்ளலாம். டிங்கர் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தேய்ப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகும் சாலைத் தாரும் உப்புத்தாள் கீறலுக்குள் போய் உட்காரும்.

ஒடுக்கு இருந்தால் இப்போதே எடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் பம்பரை இளக்க அது போதும். கெட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே பின்னாலிருந்து கையுறை போட்ட கையால் தள்ளுங்கள். வடிவம் வந்ததும் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்தால் அப்படியே நிற்கும். ஹீட் கன் என்றால் ஆட்டிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் கொப்பளிக்கும்.

விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் விரிசல் முனையிலிருந்து மேலே ஓடும். முகப்பில் அலுமினிய டேப் ஒட்டி இரண்டு விளிம்பையும் மட்டமாகச் சேருங்கள். விரலால் தடவிப் பார்த்தால் படி தட்டக் கூடாது. படி இருந்தால் டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள், பின்னால் பட்டி போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பம்பரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே இரண்டு மூன்று செ.மீ.க்கு ஒரு சூடான ஸ்டேப்பிள் பதியுங்கள். பம்பர் தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ.தான், ஸ்டேப்பிள் பாதி ஆழம் போனால் போதும். முனையைக் கட்டரால் நறுக்கிவிடுங்கள். சில இடங்களில் ஸ்டேப்பிளோடு நிறுத்திப் பட்டி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்டேப்பிள் விளிம்புகளை அசையாமல் பிடிக்கும், அவ்வளவுதான். பலம் உருக்கிச் சேர்ப்பதில் இருக்கிறது.

சூடான முனையால் விரிசல் நெடுக 'வி' பள்ளம் உழுங்கள், பாதித் தடிமனுக்குக் கொஞ்சம் கூட. இப்போது ராடை முனைக்கு அடியில் கொடுத்து, ராடும் பம்பரும் இரண்டுமே இளகும்படி மெதுவாக நகர்த்துங்கள். சரியான சூட்டில் பிளாஸ்டிக் தேன் மாதிரி பளபளவென்று இழுபடும், மெழுகுவர்த்தி அணைத்த வாசனை வரும். புகை கறுத்து முனையில் பழுப்புத் துகள் ஒட்டினால் சூடு அதிகம். ராடு மட்டும் உருகிப் பம்பர்மேல் புழு மாதிரி படுத்திருந்தால் சூடு குறைவு, அது பிடிக்கவே இல்லை. முதலில் உள்ளே தெரியாத மூலையில் ஒரு அங்குலம் ஒட்டி, ஆறியதும் பிளேயரால் இழுத்துப் பாருங்கள். உரிந்து வந்தால் ராடு வேறு இனம் அல்லது சூடு பத்தவில்லை. அறுந்து வந்தால் சரி, தொடருங்கள்.

பின்பக்கம் முடிந்து தானாக ஆறியபிறகு முகப்பிலும் இதையே செய்யுங்கள், முன் பள்ளம் பின் ஒட்டைத் தொடும் ஆழத்துக்கு. தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும். முகப்பில் ஒட்டு ஒரு மயிரிழை மேடாக இருக்கட்டும், தேய்த்து மட்டமாக்கலாம். குளிருக்கு ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். புகை நல்லதில்லை, ஏபிஎஸ் புகை இன்னும் மோசம்.

காதுகள்

இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். உடைந்த காது கிடைத்திருந்தால் அதே இடத்தில் வைத்து மூன்று நாலு புள்ளியில் உருக்கி நிறுத்துங்கள். பிறகு துருப்பிடிக்காத வலையை இரண்டு பக்கமும் இரண்டு செ.மீ. தாண்டுமாறு வெட்டி, அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குக்குள் புதையுங்கள். மேலே ராடு உருக்கி வலை கண்ணுக்குத் தெரியாமல் மூடுங்கள். காது தொலைந்திருந்தால் பழைய பம்பர் துண்டிலிருந்து ஒன்று வெட்டி, மறுபக்கக் காதை அளவாக வைத்துப் பொருத்தலாம். காதை ஒட்டி முடித்து, பம்பரை வண்டியில் மாட்டிப் பார்த்து, போல்ட் துளையை அங்கேயே குறித்துப் போடுங்கள். முன்கூட்டியே போட்டால் ஒரு மி.மீ. தள்ளிப் போய்விடும்.

பட்டியும் பெயின்டும்

வெல்டிங்கை வீட்டில் செய்தாலும் பெயின்டைப் பெயின்டரிடம் கொடுப்பதே என் யோசனை. ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலுக்கு ஆகாத ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

80, 180 நம்பரில் மட்டமாக்கிய பிறகு பிளாஸ்டிக் ஓரத்தில் பஞ்சு மாதிரி பிசிறு நிற்கும். புதுத் தாள் போட்டு மெதுவாகத் தேய்த்தால் போகும். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் பட்டிக்கு முன்னும் பிரைமருக்கு முன்னும் பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் அடிக்க வேண்டும். இதை விட்டால் முதல் தடவை பிரஷர் வாஷில் பெயின்ட் பட்டையாக உரியும். பட்டியும் பம்பருக்கான வளையும் பட்டியாக இருக்கட்டும். இரும்புக்குப் போடும் சாதாரணப் பட்டி பம்பர் வளையும்போது வெடிக்கும். 320 வரை தேய்த்து, பிரைமர் அடித்து, 600, 800 வாட்டர் பேப்பர் போட்டால் பரப்பு தயார்.

இனி மலைக்கே உரிய தொல்லை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், அக்டோபரிலிருந்து வடகிழக்கு. குன்னூர், கோத்தகிரி பக்கம் பின்னது பலமாக இருக்கும். மூட்டத்துக்குள் பெயின்ட் அடித்தால் காயும் படலத்தில் ஈரம் படிந்து பால் ஊற்றியது மாதிரி வெளுக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்த பம்பரில் வியர்த்து நிற்பது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். அதனால் "இன்னிக்கே அடிச்சுக் கொடுத்துடுங்கண்ணா" என்று கேட்டால், நல்ல பெயின்டர் "மூட்டம் கலையட்டும் சார்" என்பார். அவரை நெருக்காதீர்கள். மழைக்காலத்தில் ஹீட்டர் வைத்த பூத் உள்ள இடம் மேலே கிடைக்காவிட்டால், கழற்றிய பம்பரை மட்டும் மேட்டுப்பாளையமோ கோவையோ இறக்கி அடித்து வாங்குவது புத்திசாலித்தனம். கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டு இறங்கலாம். முன் பம்பர் இல்லாமல் வண்டி ஓட்டாதீர்கள். மழையில் லைட் கனெக்டருக்குள் தண்ணீர் போகும்.

கலர் கோடு வண்டியின் தகட்டில் இருக்கும். அந்தக் கோடில் கலக்கினாலும், பல வருஷ வெயில் தின்ற பெயின்டோடு அப்படியே ஒத்துப்போகாது. ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் மட்கார்டு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் முகத்தில் கனமாகக் கோட் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுசு போடுவதானால்

கம்பெனி பம்பர், வெளிக் கம்பெனி பம்பர், பழைய வண்டியிலிருந்து கழற்றியது என்று மூன்று வழி. வெளிக் கம்பெனி பம்பரில் காதுகளின் இடம் லேசாக மாறியிருக்கும், தடிமனும் குறைவாக இருக்கலாம். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ நல்ல பழைய ஒரிஜினல் கிடைத்தால், என் ஓட்டு அதற்குத்தான். வாங்கும்போது கவிழ்த்துக் காதுகளை எண்ணுங்கள், முகப்புக் கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம், எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறோம்.

எதுவானாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பெயின்ட் பட்ட பாகத்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, மேலே ஏறிவிட்ட பிறகு மாற்ற இறங்குவதற்கு ஒரு நாள் போய்விடும். பழைய பம்பரிலிருந்து கிரில், ஃபாக் லேம்ப் வளையம், சென்சார் தாங்கிகளை மாற்றிப் பொருத்துங்கள். பழைய தோலை காயலான் கடைக்குப் போடும் முன் நாலைந்து பட்டை அறுத்து எடுத்து வையுங்கள், ராடுக்கு ஆகும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் நம்பர் பிளேட் கழற்ற முடியாத பூட்டு ஆணியில் இருக்கும். பம்பரோடு சேர்த்தே கழற்றினால் ஒட்டு வேலைக்கு அதைத் தொட வேண்டியதில்லை. பம்பரையே மாற்றினால் ஆணியை உடைக்கத்தான் வேண்டும், திரும்பப் பூட்ட டீலரிடம் போங்கள்.

அடிபட்ட கோபத்தில் இரும்பு கார்டு மாட்டிவிடலாம் என்று தோன்றும். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, கார்டு அடியை நேராக வண்டியின் சேஸிஸுக்குக் கடத்தும், ஏர்பேக் திறக்கும் நேரத்தையும் குழப்பும்.

திரும்ப மாட்டுவது

கனெக்டர்களை முதலில் மாட்டி, லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பம்பரை மூட வேண்டும். இரண்டு மூலைக் கொக்கிகளையும் தட்டி உட்கார வைத்து, மேலே நடுக் கிளிப், அப்புறம் பக்கவாட்டு ஸ்க்ரூ, கடைசியில் அடி போல்ட். எதையும் முதலில் முழுசாக முறுக்காதீர்கள். ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் இடையிலான இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பக்கவாட்டில் இடைவெளி விட்டால் கொக்கி சரியாக விழவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவால் இழுத்து அடைக்காதீர்கள், ஒட்டிய காது மறுபடி கிழியும்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, லைனர் டயரில் உரசுகிறதா என்று கேளுங்கள். நேர்ச் சாலையில் தெரியாத உரசல் முதல் கொண்டை ஊசியில் தெரியும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான காரில் பின் சென்சார் கட்டாயம் இருக்கும். ஒரு ஆளை நிறுத்தி ரிவர்ஸ் போட்டு ஒவ்வொரு சென்சாரும் கூவுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். கடைசியாக, இருட்டியதும் சுவருக்கு எதிரே நிறுத்தி ஃபாக் லேம்ப் போடுங்கள். ஒளி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஹெட்லைட் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் மூட்டத்தில் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லேம்ப் அருகில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கிக்கொள்ளுங்கள்.